கொல்லைப்புறத்து யவனம்

14 ஜூன் 1970

இப்ராஹிம் பாய் பினாங்குக் கடையை ஏறக்கட்டிவிட்டு நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டார். இது சந்தோஷமா கஷ்டமா என்று ஜன்னத்துக்கே தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோன மனுஷர், இப்போது தினமும் காலையில் கண் முன்னால் உட்கார்ந்து பல் தேய்க்கிறாராம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஜன்னத் பீவியின் கொல்லை, இந்தப் பக்கம் எங்கள் கொல்லை. வழக்கம்போல நாங்கள் பேச உட்கார்ந்தால் இன்று அவரும் நாற்காலி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் யவனத்தில் பேசினோம். அவர் குறட்டை, அவர் தொப்பை, அவர் கொண்டுவந்த அத்தர் எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே அலசி முடித்தோம். மனுஷர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பர்வதம் மன்னி, "அது என்ன பாஷைடி ஆனந்தம், இத்தனை வருஷமா காக்கா கத்தற மாதிரி?" என்று கேட்டாள். சும்மா என்றேன். மன்னிக்குச் சொல்லி மாளாது. இங்கேயாவது ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் சரித்திர டீச்சர், காவிரிப்பூம்பட்டினத்தில் யவனர் குடியிருப்பு இருந்தது, அப்புறம் அவர்கள் போய்விட்டார்கள் என்றார். ஏன் போனார்கள் என்று ஜன்னத் கேட்டாள். டீச்சருக்குத் தெரியவில்லை. போகாமல் இருந்திருந்தால்? கடல் பட்டினத்தை விழுங்கியதும் கிரேக்கர்கள் கப்பல் ஏறாமல் ஆற்றோடு மேலே நடந்து வந்து, கும்பகோணத்தைச் சுற்றி நிலம் திருத்தி, வெற்றிலை போட்டு, வேட்டி கட்டி, வாய்க்கால் முறைக்குச் சண்டை போட்டு, இன்று வரைக்கும் இங்கேயே கிடந்திருந்தால் என்ன பேசுவார்கள்? வேளாங்கண்ணியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வயசான பாதிரியார் பொழுது போகாமல் எங்களுக்குக் கிரேக்க எழுத்தும் ஒரு கிழிந்த அகராதியும் கொடுத்தார். மிச்சத்தைக் காவிரித் தண்ணீரில் ஊறப்போட்டு நாங்களே செய்துகொண்டோம். தண்ணீர் உதூர். ஆறு பொத்தாமை. வீடு ஓய்க்கம். கழுதை ஓனன். கழுதைதான் முதலில் தேவைப்பட்டது.

உலகத்தில் இதைப் பேசுகிறவர்கள் இரண்டு பேர். எனக்கு நாற்பத்து மூன்று, அவளுக்கு நாற்பத்து நாலு. என் வீட்டுக்காரர் ஹரித்துவாருக்குப் போய்ப் பல வருஷமாகிறது. ரயில் தாமதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நேரம் போக எனக்குப் பேச நேரம் உண்டு.

17 ஜூன்

மேட்டூர் திறந்தாகிவிட்டது. அண்ணா காலையிலிருந்து பேப்பரில் தண்ணீர் அளவைப் பார்க்கவில்லை, நில உச்சவரம்புச் செய்தியைத்தான் பார்க்கிறார்.

இந்த ஆட்சி வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. முப்பது ஏக்கரைப் பதினைந்தாகக் குறைக்கிறார்களாம். நம் மிராசுதார்கள் சும்மா இருப்பார்களா? செத்துப்போன மாமா, பிறக்காத பேரன் என்று எல்லார் பேரிலும் நிலம் போய்க்கொண்டிருக்கிறது. அண்ணா ராமசுப்பிரமணியன் அவசரக்காரர், ஜனவரியிலேயே முடித்துவிட்டார். என்னை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், வாய்க்காலோரத்துப் பதினோரு ஏக்கரையும் "சகோதரியின் மேலுள்ள அன்பினால்" எனக்குத் தானமாக எழுதினார். மதராசிலிருந்து டிரங்க்கால் வந்த அன்றைக்குப் பொங்கிய அன்பு. கையெழுத்துப் போட்டதும் வாசலில் எனக்கு ஒரு காபி. "பேர்தான் உன்னுது, மத்ததெல்லாம் நான் பாத்துப்பேன்" என்றார்.

ஊருக்கே தெரியும். யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் இதே கதை.

5 ஜூலை

என் தலையில் இடி.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் கூலி வேலைக்கு வரும் தங்கம்மாள் ஜன்னத் வீட்டுக் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். தெருவே அதிர யாரையோ திட்டிக்கொண்டே வேலை. நான் இந்தப் பக்கத்திலிருந்து யவனத்தில், இவள் வாய் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்றேன். தங்கம்மாள் துடுப்பை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், அதே யவனத்தில் பதில் சொன்னாள்: டீச்சரம்மா வாய் தஞ்சாவூருக்கே கேட்குமாம்.

இலக்கணம் நாசம். வேற்றுமை உருபையெல்லாம் முழுங்கிவிட்டாள். ஆனால் யவனம். சந்தேகமே இல்லை.

எத்தனை நாளாக என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் இருபது வருசமா என் காதுலதானே ஓதுறீங்க?" என்றாள். அதோடு விட்டாளா? இவள் கூட நடவுக்குப் போகிற கும்பலுக்கே தெரியுமாம்! அண்ணாவின் காரியஸ்தர் நாகேஸ்வரன் வரப்பில் நின்றால் வயலில் முழுக்க யவனம்தான். அவருக்கு என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்றால், சின்ன ஓனனாம். பெரிய ஓனன் யார் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லை அண்ணாவுக்கு வைத்ததே நான்தான்.

ஜன்னத் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெட்டியைத் திறந்து என் புடவையை யாரோ கட்டிக்கொண்டு திரிகிற மாதிரி இருந்தது. அவர்கள் வீட்டுப் பக்கம் நான் ஒருநாளும் போனதில்லை, அவர்களை எங்கள் நிலைப்படி தாண்ட விட்டதுமில்லை. இந்தப் பாஷை மட்டும் யாரையும் கேட்காமல் போய்விட்டது.

6 ஜூலை

கோபம் போகவில்லை. "நாற்று" என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் எங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

20 ஜூலை

பள்ளிக்கூடத்துக்குத் துரைக்கண்ணு வந்தார். சைக்கிள் கடை வைத்திருக்கிறார், ஆளும் கட்சியின் கிளைச் செயலாளர், கரை வேட்டி சரசரக்கும். டீக்கடையில் நடவுப் பெண்கள் பேசுவதைக் கேட்டாராம். மிகவும் பணிவாக, "டீச்சரம்மா, வடமொழிக் கலப்பு உண்டுங்களா?" என்றார். ஒரு சொல்கூட இல்லை என்றேன். "அப்ப அது நம்ம மொழிதாங்க" என்று தீர்ப்புச் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அரிசிக்கு என்ன சொல் என்றார். ஓருசை. துள்ளிக் குதித்தார். அரிசிதான் கப்பலேறிப் போய் ஓருசையாச்சு, ஆக கிரேக்கமே தமிழ் போட்ட பிச்சை. மாநாட்டில் பேசப்போகிறாராம். வீட்டுக்கு வந்து சொன்னால், அண்ணா எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து போனது என்றார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இப்ராஹிம் பாய், பாதிச் சொல் மலாய் மாதிரி இருக்கே என்றார். இரண்டு பெண்பிள்ளைகள் கொல்லையில் உட்கார்ந்து செய்தது என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

28 ஜூலை

சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. என் பதினோரு ஏக்கருக்கு. எழுதும்போதே சிரிப்பு வருகிறது. என் பதினோரு ஏக்கர்!

12 ஆகஸ்ட்

ஊர் சரியில்லை. நிலத்தில் இறங்கிக் கொடி நடும் போராட்டம் என்று எங்கே பார்த்தாலும் போலீஸ் லாரி. தங்கம்மாள் கும்பல் சர்க்கார் நிர்ணயித்த கூலியைக் கொடுத்தால்தான் நடவு என்று சொல்லிவிட்டது. அண்ணா, சர்க்கார் கூலியை சர்க்காரிடம் போய் வாங்கிக்கோ என்றார். மேற்கேயிருந்து லாரியில் ஆள் கொண்டுவரப் போகிறாராம்.

கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "வாயை மூடிண்டு இரு. உனக்கு நிலத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த ஜில்லாவில் கூலித் தகராறு முற்றி வெண்மணியில் குடிசைக்குள் ஜனங்கள் எரிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதைச் சொன்னேன். அண்ணா எழுந்து போய்விட்டார்.

23 ஆகஸ்ட்

லாரியைப் பாலத்திலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணா கத்துகிறார். நாற்றங்காலில் நாற்று வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்குக் கூலித் தகராறு தெரியாது.

28 ஆகஸ்ட்

வரிசையாக எழுதுகிறேன்.

விடியும்போது குலவைச் சத்தம் கேட்டு எழுந்தேன். கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் வாய்க்காலோரத்து வயல் முழுக்கப் பெண்கள். குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலைநிறுத்தம் என்று சொன்னவர்களே இவர்கள்தானே? கூலி பேசவில்லை, யாரும் கூப்பிடவில்லை. வரப்பில் இறங்கித் தங்கம்மாளைக் கேட்டேன். நிமிராமலே சொன்னாள்: "நாத்து முத்துது டீச்சரம்மா. பாத்துக்கிட்டுக் கெடக்க முடியல. கூலிய நட்டுட்டுப் பேசிக்கிறோம்."

இந்த ஊர் ஜனங்கள் மட்டும்தான் செய்யக்கூடிய பைத்தியக்காரத்தனம். எவன் கூலி தரமாட்டேன் என்கிறானோ அவன் வயலிலேயே, அவன் நாற்று கெட்டுப்போகிறதே என்று, சம்பளம் இல்லாமல் நடுகிறார்கள். அண்ணா சாமிக்குக் கற்பூரம் ஏற்ற வேண்டும். அவர் என்ன செய்தார்? நிலத்தைப் பறிக்கிறார்கள் என்று நாகேஸ்வரனை ஸ்டேஷனுக்கு விரட்டினார்.

புது சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. பூட்ஸைக் கழற்றாமல் வரப்பில் நடந்தார். நடவு நடக்கும்போது புதுசாக ஒரு பெரிய மனுஷர் வரப்பில் வந்தால் பெண்கள் என்ன செய்வார்கள்? நாற்று முடி ஒன்றை அவர் காலடியில் வைத்து, வழியை மறித்துக் காசு கேட்பார்கள். கலெக்டர் வந்தாலும் அதுதான். நாலணாவோ எட்டணாவோ போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். தங்கம்மாள் அதைத்தான் செய்தாள். ஆனால் நாகேஸ்வரன் பக்கத்தில் நின்றதால் வாயில் தானாக யவனம் வந்துவிட்டது. "கைரே அதெலப்பா, தோரம் தோஸ்!" என்றாள். வணக்கம் அண்ணா, வெகுமானம் கொடு. அவ்வளவுதான். எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டு குலவை போட்டார்கள்.

சேற்றுக் கையோடு இருபது பெண்கள் சுற்றி நின்று புரியாத பாஷையில் கத்துகிறார்கள். அந்த மனுஷரோ நக்சலைட்டுகளைப் பற்றி மேலிடத்திலிருந்து வரும் சர்க்குலரைத் தினமும் படிக்கிறவர். பின்னால் நகர்ந்தார், பூட்ஸ் வழுக்கியது, வாய்க்காலில் விழுந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது சிரித்திருக்கக் கூடாது.

தங்கம்மாளையும் இன்னும் நாலு பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

30 ஆகஸ்ட்

குற்றம் இரண்டு. அத்துமீறி நிலத்தில் நுழைந்தது. சீன பாஷையில் சதிச் சொல் சொல்லி அதிகாரியைத் தாக்க முயன்றது.

சீன பாஷை!

சிரிக்க முடியவில்லை. கும்பகோணம் சப்-ஜெயிலில் இருக்கிறார்கள். இந்தக் குற்றம் நின்றால் வருஷக்கணக்கில் உள்ளேதான். அண்ணாவும் சும்மா இல்லை. தண்டனை ஆகட்டும், அவர்கள் குடியிருக்கும் மனைக்கட்டையும் காலி பண்ணச் சொல்கிறேன் என்கிறார். தங்கம்மாளின் பெண் வந்து கொல்லையில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

துரைக்கண்ணுவைப் போய்ப் பார்த்தேன். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, போலீஸும் நம்ம ஆட்சி, தங்கம்மாளோ சிவப்புக் கொடி, நான் எப்படி டீச்சரம்மா என்று இழுத்தார். போன மாசம் தமிழ் போட்ட பிச்சை, இந்த மாசம் யாரோ போட்ட பாஷை. நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன்.

1 செப்டம்பர்

ஜன்னத்தின் சித்தப்பா மகன் சேக் தாவூது கும்பகோணத்தில் வக்கீல். கேஸ்காரர்களுக்காகத் திறப்பதைவிட வெற்றிலைக்கு அதிகம் வாய் திறக்கிறவர். கேட்டுவிட்டு வழி ஒன்றைச் சொன்னார். அது சீனமும் இல்லை சதியும் இல்லை, ஒரு பாஷை, அதில் அவள் கேட்டது வெகுமானம் என்று நான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். ஆனால் ஒருத்தி மட்டும் சொன்னால், அந்த நேரத்துக்குக் கட்டிவிட்ட கதை என்று தள்ளிவிடுவார்கள். இரண்டாவது ஆள் வேண்டும், தனியாகச் சோதித்தாலும் அதே அர்த்தம் சொல்கிற ஆள்.

ஜன்னத் வர வேண்டும்.

அண்ணாவிடம் சொன்னேன். "கோர்ட்டுக்குப் போறதுன்னா இந்த ஆத்துக்குள்ளே திரும்பி நுழையாதே" என்றார். மன்னி உள்ளே பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள்.

3 செப்டம்பர்

இப்ராஹிம் பாய் முடியாது என்றுவிட்டார். அவர்கள் குடும்பத்துப் பெண்கள் கோர்ட்டுப் படி ஏறினதில்லை. அது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு, அதற்குப் போய் சத்தியம் பண்ணுவதா? அவர் சொன்னதிலும் தப்பில்லை. விளையாட்டுதான்.

4 செப்டம்பர்

பெரிய ஓனன், சின்ன ஓனன், பினாங்கு ஓனன்.

5 செப்டம்பர்

ஜன்னத் சாயங்காலம் கரைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் சிரிக்கிறாள்.

நேற்று அவரை உட்காரவைத்து, விளையாட்டு இல்லை, இது பாஷைதான் என்று நிரூபித்தாளாம். எப்படி? அவர் எதிரில் நாங்கள் பேசியதை எல்லாம் ஒன்று விடாமல் தமிழில் சொல்லிவிட்டாள்! குறட்டை, தொப்பை, அத்தர், பல் தேய்ப்பு. படுபாவி. எனக்கு வாய்க்காலில் குதித்துவிடலாம் போல இருந்தது. மனுஷர் முகம் சுருங்கிப்போய், இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூட இல்லையா என்று கேட்டாராம்.

இருக்கு என்றாளாம். பொத்தம். அவர் பினாங்கில் இருந்த நாளெல்லாம் இவள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து என்னிடம் சொன்ன சொல். அப்படியென்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். "தேட்டம்" என்றாளாம், அவர்கள் பேச்சில் ஏக்கம். "உங்க தேட்டமாவே இருக்குன்னு தமிழ்ல சொன்னா மாமியாருக்குக் கேட்கும். அதுக்குத்தான் அந்தப் பாஷை."

காலையில் அவரே, இவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக டாக்சிக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

நான் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமும் அழுதோம். வெட்கமாக இருக்கிறது, நாற்பது வயசுக்கு மேல்.

8 செப்டம்பர்

கும்பகோணம். கோர்ட்டு. எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் சாப்பிடுவேன். சாப்பாடு யார் போடுவார்கள் என்பது வேறு விஷயம்.

மாஜிஸ்திரேட் வாடிப்போன மனுஷர். சீனம் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யவனம் என்று நான் சொன்னபோது மறுபடியும் துடைத்தார். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து ஆரம்பித்தேன். "சுருக்கமா சொல்லுங்கம்மா" என்றார். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, இரண்டு பேரும் கூடிப் பேசி ஒப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார். சேக் தாவூது, ஐயாவே சோதித்துப் பார்க்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

மாஜிஸ்திரேட் கொஞ்சம் யோசித்தார். ஜன்னத்தை வெளியே தாழ்வாரத்தின் கோடிக்கு அனுப்பினார். என்னைக் கிட்டே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் சொன்னார்: "நேத்து எங்க வீட்டு சாம்பார்ல உப்பு அதிகம்."

நான் ஜனாதிபதி, சட்டம், சதி என்று என்னென்னவோ எதிர்பார்த்திருந்தேன். யவனர்கள் எங்கள் சரித்திரத்தில் சாம்பார் வைத்ததில்லை. பருப்புத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன்.

ஜன்னத் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தாள். இப்ராஹிம் பாய் வாசலில் நின்றார், வியர்வை வழிய. நான் சொன்னேன்: "எக்தே ஓய்க்கி எமு, பாக்க உதூரி, ஆல பொலி."

அவள் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒருவேளை மறந்துவிட்டாளோ என்று பயந்தேன். அப்புறம் மெதுவாக, "நேத்து யார் வீட்டுலயோ பருப்பு ஆணத்துல உப்ப அள்ளிப் போட்டுட்டாங்க" என்றாள். ஒரு நிமிஷம் பொறுத்து, "பாவம்" என்றும் சேர்த்தாள். பாவம் என்பது வாக்கியத்தில் இல்லை, அவளாகச் சொன்னது.

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும்தான், கைக்குட்டைக்குள். சீன பாஷை அங்கேயே செத்தது. நாற்று முடி வழக்கத்தைப் பற்றி டவாலிச் சேவகனையே கேட்டார்கள், அவன் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்.

ஆனால் அரசுத் தரப்பு வக்கீல் விடவில்லை. பாஷை எதுவாகவும் இருக்கட்டும், அடுத்தவர் வயலில் விடியற்காலையில் இவர்களுக்கு என்ன வேலை? நிலத்துக்காரர் அழைக்கவில்லை. இது அத்துமீறல்தானே? சேக் தாவூது காகிதத்தைப் புரட்டினார். எதிர்க் கூண்டில் தங்கம்மாள் நின்றாள். பத்து நாளில் பாதியாகியிருந்தாள். அண்ணா பின் பெஞ்சில், மடியில் விசிறியோடு.

நான் சாட்சிக் கூண்டிலிருந்து இன்னும் இறங்கவில்லை. எனக்கே தெரியாமல் பேசிவிட்டேன். நிஜமாகவே எனக்கே தெரியாமல்தான்.

"அது அடுத்தவர் வயல் இல்லை, என்னுடையது. நான்தான் நடச் சொன்னேன்."

அண்ணா எழுந்தார். மாஜிஸ்திரேட், புகாரில் நிலம் உங்களுடையது என்று எழுதியிருக்கிறதே, யாருடையது என்று அவரையே கேட்டார். அவர் என்ன சொல்ல முடியும்? தன்னுடையது என்றால் தானம் பொய், பதினோரு ஏக்கரும் உச்சவரம்பில் போகும். தங்கை நிலம் என்றால் புகார் பொய். விசிறி கீழே விழுந்தது. "தங்கையோடதுதான்" என்றார்.

ஐந்து பேரையும் விட்டுவிட்டார்கள்.

நான் சத்தியம் பண்ணிச் சொன்ன இரண்டு வாக்கியத்தில் ஒன்று பொய். அண்ணாவின் கணக்குப்படி முதலாவது. என் கணக்குப்படி இரண்டாவது.

9 செப்டம்பர்

வீட்டுக்குள் விட்டார்கள். ஆனால் அடுப்பு தனி. கொல்லைத் தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கிக்கொண்டேன், அடிப்பிடித்துவிட்டது. அண்ணா என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "அண்ணாவையே ஏமாத்திட்டே இல்லே?" சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினவர். ஏமாற்றவில்லை அண்ணா, நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அடிப்பிடித்த பானையைத் தேய்க்கப் போனேன்.

மிச்ச வயலை இன்று நட்டார்கள். முத்தின நாத்துதான், நெருக்கி நட்டுக்கலாம் என்றாள் தங்கம்மாள். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கார் கூலியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

20 அக்டோபர்

அண்ணாவும் மன்னியும் மதராசுக்குப் பையன் வீட்டோடு போய்விட்டார்கள். ரொம்ப நாளாகவே போவதாக இருந்ததுதான். ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் கிளம்புகிறபோது மன்னி ஜன்னல் வழியாக ஊறுகாய் ஜாடியைக் கையில் கொடுத்தாள். அண்ணா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

3 நவம்பர்

மழை. வயலில் எது களை எது பயிர் என்று தெரியாத மிராசுதார் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் இருப்பேன். தங்கம்மாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் பிடுங்கிப் போட்டிருந்தது பயிராம்.

இப்ராஹிம் பாய் யவனம் கற்றுக்கொள்கிறார். உச்சரிப்பைக் கேட்டால் அந்தப் பாதிரியார் கல்லறையில் புரண்டு படுப்பார். இனிமேல் அவரைப் பற்றிப் பேச நாங்கள் எங்கே போவது?

18 ஜனவரி 1971

சம்பா தலைசாய்ந்து நிற்கிறது. இன்று அறுப்பு என்று பேச்சு. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, குடையும் நானுமாக வயலுக்குப் போனேன். என் முதல் அறுப்பு.

பெண்கள் எல்லாரும் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரிவாள் மடியில். ஒருத்தியும் இறங்கவில்லை. வரப்பு முனையில் சிவப்புக் கொடி. தங்கம்மாள் எழுந்து வந்து, கூலி சர்க்கார் சொன்னதுக்கு மேல் அரை மரக்கால் நெல் வேண்டும் என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னிடமா? உங்களுக்காகக் கோர்ட்டு ஏறினவளிடமா? அண்ணாவிடம் கேட்காததையா? அவள் ரொம்ப நிதானமாக, "அதுக்கு நாங்க என்ன செய்யறது டீச்சரம்மா? அன்னைக்கு நீங்க டீச்சரு. இன்னைக்கு மிராசு" என்றாள்.

கோபம் தலைக்கேறி நான் யவனத்தில் பொரிந்து தள்ளினேன். தமிழில் திட்டினால் மரியாதை போய்விடும் அல்லவா. முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு யவனத்திலேயே ஒற்றைச் சொல் சொன்னாள். வரப்பு முழுக்கச் சிரிப்பு. அடக்கமாட்டாமல் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரிக்கிறார்கள்.

எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை.

கேட்பதற்குக் கிரேக்கச் சொல் மாதிரியே இருக்கிறது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், நாங்கள் வைத்த ஓசை விதி அத்தனைக்கும் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் நாங்கள் செய்த சொல் இல்லை. குடையை வரப்பில் போட்டுவிட்டு வாய்க்கால் கரைக்கு ஓடினேன். ஜன்னத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கண்ணிலும் அதே திகைப்பு. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பிப் போய்த் தங்கம்மாளைக் கேட்டேன், அதற்கு என்ன அர்த்தம் என்று.

"அது எங்களுக்குள்ள" என்றாள்.

அரை மரக்காலுக்குச் சரி என்றேன். இறங்கி அறுக்க ஆரம்பித்தார்கள். மத்தியானம் வரைக்கும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லை இன்னும் நாலு தடவை சொன்னார்கள், நாலு தடவையும் என்னைப் பார்த்து.